டாக்டர் கழற்றி மாட்டிய சிம்

டாக்டர் என்றதும் ஊசியும் கையுமாக நிற்கிற டாக்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவள் செல்போன் ரிப்பேர் கடைக்காரி. தண்ணீரில் விழுந்த போன், மாடிப்படியில் உருண்ட போன், சுவரில் ஓங்கி எறிந்துவிட்டு "கை தவறிடுச்சு" என்று கொண்டுவந்து நீட்டுகிற போன், எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்துக் கொடுத்து, கடைத்தெருவே அவளை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கூடவே உட்கார்ந்து வேலை பார்க்கிற நாத்தனாருக்குக் கம்பவுண்டர் என்று பெயர். பட்டம் கொடுப்பதில் மட்டும் ஜனங்கள் என்றைக்கும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

டாக்டரிடம் எந்த வியாதிக்கும் முதல் மருந்து ஒன்றுதான். கழற்றி மாட்டு. நெட் வரவில்லையா, சிம்மைக் கழற்றி மாட்டு. திரை இருட்டாக இருக்கிறதா, உள்ளே இருக்கிற ஒயரைக் கழற்றி மாட்டு. பாதி வியாதி அதிலேயே சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடும். "கழட்டி மாட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்காமல் அவள் யாருடைய போனையும் கையில் வாங்கியதில்லை. வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலும் அதே வைத்தியம்தான். ஒரு நாள் கம்பவுண்டருக்கு விக்கல் நிற்காமல் போனபோது, உன்னைக் கழட்டி மாட்ட வழியில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

வெளிநாடு போகிறவர்கள் பெட்டியை எடுத்தார்களோ இல்லையோ, முதலில் அவள் கடைக்குத்தான் வருவார்கள். அவளும் சலிக்காமல் பாடம் எடுப்பாள். நம்மூர் சிம்மில் ரோமிங்கை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பில் வரும்போது மயக்கம் வரும். போகிற ஊருக்கென்று ஒரு இ-சிம் வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் பிடிக்கிற சிம் இல்லை, க்யூஆர் கோடைக் காட்டினால் போனுக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இறங்கியதும் அதையும் அதன் ரோமிங்கையும் ஆன் செய்தால் போதும், நம் வாட்ஸ்அப் நம் நம்பரிலேயே ஓடும். இப்படிச் சொல்லிச் சொல்லி அவள் பாதி ஊரை விமானம் ஏற்றியிருக்கிறாள். அவள் மட்டும் விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததோடு சரி.

புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கல்யாணமானதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து இருந்த நாளைவிடப் போனில் பேசிய நாள்தான் அதிகம். ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் மாற்று ஆள் வரமாட்டான், இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று இழுத்துக்கொண்டே போகும். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டு பேசுவார், அவள் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டு பேசுவாள். நடுக்கடலிலிருந்து வருகிற நெட் எந்த லட்சணத்தில் இருக்கும்? குரல் நின்று நின்று வரும், முகம் கட்டம் கட்டமாக உடையும். மூக்கு ஒரு பக்கம் போகும், சிரிப்பு ஒரு பக்கம் போகும். ஊரார் போனையெல்லாம் சரிசெய்கிறவளுக்குச் சொந்தப் புருஷன் முகத்தை முழுசாகத் திரையில் கொண்டுவர முடியவில்லையே என்று தீராத எரிச்சல்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் ஒரு நாள் சொன்னார். கப்பல் இன்ன தேதியில் இன்ன துறைமுகத்தில் ஒரே ஒரு நாள் நிற்கப் போகிறது. மதியச் சாப்பாட்டை உதவியாளன் பார்த்துக்கொள்வான், இவர் கரையில் இறங்கலாம். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பில் நிற்க வந்துவிட வேண்டும், அது முடிந்ததும் கப்பல் கிளம்பிவிடும். "வர்றியா?" என்று சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார். அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு வர்றேன் என்றாள். கல்யாணமான வாரமே, எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட் எடுத்து வைத்தவள் அவள். அதற்கு வேலை வர இத்தனை காலம் ஆகும் என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?

விசா கைக்கு வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் போனைத் திறந்து இன்னொருவர் போனின் மூடியைப் போட்டு அனுப்பிவிட்டாள். கம்பவுண்டர்தான் தெருவில் ஓடிப்போய் அவரைப் பிடித்தாள்.

கிளம்புகிற நேரத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. கடைப் பலகையில் எழுதியிருப்பது டாக்டரின் நம்பர். அந்த சிம் அவளோடு வெளிநாடு போய்விட்டால் கடைக்கு வருகிற அழைப்புகளுக்கெல்லாம் யார் பதில் சொல்வது? டாக்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தன் போனிலிருந்து சிம்மைக் கழற்றினாள், கடையில் கிடந்த பழைய போனில் மாட்டினாள், கம்பவுண்டர் கையில் கொடுத்தாள்.

"நம்பர் கடையிலேயே இருக்கட்டும். எனக்கு இ-சிம் போதும்."

"அண்ணி, அங்க போய் எதுவும் ஆயிடுச்சுன்னா?"

"என் போனுக்கு என்ன ஆகும்? நான்தான் கூட இருக்கேனே."

இந்த வாய்க்கொழுப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் இறங்கியபோது எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. விமான நிலையத்து வைஃபையில் அவர் செய்தி காத்திருந்தது. கரை தெரிகிறது, நீ வந்து சேர்ந்தாயா என்று கேட்டிருந்தார். வந்துவிட்டேன், துறைமுகத்துக்கு பஸ் ஏறுகிறேன் என்று பதில் போட்டாள். அந்தத் துறைமுகத்துக்கு ஏகப்பட்ட வாசல்கள். கப்பலை எங்கே கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் அவர் எந்த வாசல் வழியாக வெளியே வருவார் என்பது தெரியும். கப்பல் வைஃபையில் இருக்கும்போதே அதை எழுதி அனுப்பிவிடுகிறேன், நீ பஸ் ஸ்டாண்டில் இருந்து பார்த்துக்கொண்டு நேராக வா என்பது அவருடைய திட்டம். கரையில் இறங்கிவிட்டால் அவர் போனில் நெட் கிடையாது.

பஸ் முழுக்க ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். புது ஊர், புது வெயில், படிக்கத் தெரியாத எழுத்தில் கடைப் பலகைகள். கட்டடங்களுக்குப் பின்னால் மஞ்சள் கிரேன்கள் தலை தூக்கியதும் அவளுக்கு உட்காரவே முடியவில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி முதல் வேலையாகப் போனைத் திறந்தாள். சிக்னல் கோடுகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. நெட் மட்டும் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மதியம் நெருங்கிவிட்டது. இந்நேரம் அவர் வாசல் பெயரை அனுப்பியிருப்பார். அவள் ஏரோபிளேன் மோடை ஆன் செய்து ஆஃப் செய்தாள். போனை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தாள். வட்டம் விடாமல் சுற்றியது. அப்போது விரல், இத்தனை வருஷமாகப் பழகிய விரல், யாரையும் கேட்காமல் தன் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டது. செட்டிங்ஸுக்குப் போயிற்று. இ-சிம்மைத் தொட்டது. கழற்றி மாட்டு. இதில் கழற்றுவது என்றால் டெலிட். திரை நல்ல பிள்ளையாக ஒரு கேள்வி கேட்டது. நிச்சயமாக நீக்கவா, நீக்கினால் திரும்ப வராது என்றது. படிக்காமல் ஓகே அமுக்குகிறவர்களைக் கடையில் வைத்து வறுத்தெடுக்கிற டாக்டர், படிக்காமல் ஓகே அமுக்கினாள்.

சிக்னல் கோடுகள் பொசுக்கென்று அணைந்தன. 'சிம் இல்லை' என்று வந்தது.

கழற்றியாகிவிட்டது, மாட்ட என்ன இருக்கிறது? அந்த க்யூஆர் கோடு ஒரு தடவைக்குத்தான். பயணம் முடிந்து திரும்பி வருகிறவர்களுக்கு இந்த டெலிட்டை அவளே எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே செய்து கொடுத்திருக்கிறாள். அதனால்தானோ என்னவோ விரலுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. சரி, போனது போகட்டும், முதலில் ஏன் நெட் வரவில்லை என்று யோசித்தாள். யோசித்த மறுகணம் தெருவென்றும் பாராமல் பளாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். ரோமிங். இ-சிம்முக்கு ரோமிங் ஆன் செய்திருக்க வேண்டும். பழைய சிம்முக்கு ஆஃப், புது சிம்முக்கு ஆன் என்று ஊருக்கெல்லாம் ஒப்பித்த வாய்தான். ஆனால் விமானம் ஏறும்போது, போனில் இருப்பது இ-சிம் மட்டும்தான் என்பதை மறந்து, பழக்கதோஷத்தில் ரோமிங்கைத் தேடிப்பிடித்து அணைத்துவிட்டாள். ஒரு பொத்தான். ஒரே ஒரு பொத்தானைத் தள்ளியிருந்தால் இந்நேரம் வாசல் பெயர் தெரிந்திருக்கும்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே துறைமுகச் சுவர் கண்ணுக்கு எட்டிய மட்டும் நீண்டு கிடந்தது. அதில் எத்தனை வாசலோ, எந்த வாசலில் அவரோ. இத்தனை தூரம் பறந்து வந்து, ஒரு சுவருக்கு வெளியே நின்று திரும்பிப் போக வேண்டியதுதானா என்று நினைத்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வேலைக்கு ஆகாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வரிசையான கடைகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குப் பின்னால் பூதக்கண்ணாடி விளக்கு, சின்னச் சின்ன ஸ்க்ரூ டப்பாக்கள், உடைந்த திரைகள் அடுக்கிய தட்டு. பலகையில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தாய்வீட்டைப் பார்த்தவள் மாதிரி லெவல் கிராசிங்கைத் தாண்டி ஓடினாள்.

உள்ளே அவள் வயதுக்காரி ஒருத்தி, நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு ஒத்துவரவில்லை. டாக்டர் போனைக் காட்டி, இ-சிம் என்று சொல்லி, டெலிட் என்று விரலால் அமுக்கிக் காட்டினாள். அந்தக் கடைக்காரி ஒரு நொடி பார்த்தாள். பிறகு அவளும் பளாரென்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கு அழுகையோடு சேர்ந்து வந்தது. கடைக்காரி பேச்சை வளர்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வேர்டைக் காட்டினாள்.

நெட் வந்தது. உயிரும் வந்தது. வாட்ஸ்அப்பில் அவர் செய்தி இருந்தது, வாசலின் பெயரோடு. அனுப்பி வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் விழுந்தடித்துக்கொண்டு பதில் போட்டாள். ஒற்றை டிக். கூப்பிட்டுப் பார்த்தாள், மணி அடிக்கவில்லை. அவர் கரையில் இறங்கிவிட்டார், அவருக்கு நெட் இல்லை. அந்த வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு எங்கே கிளம்பினாரோ. என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது கம்பவுண்டரின் வாட்ஸ்அப் அழைப்பு வந்து விழுந்தது.

"அண்ணி, எங்க போய்த் தொலைஞ்சீங்க? அண்ணன் ரோமிங் கால் போட்டு உங்க நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருக்கார். இப்பகூட லைன்ல இருக்கார்."

அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். அது எங்கே இருக்கிறது? கடல் தாண்டி, கடைப் பலகைக்குக் கீழே, பழைய போனில்.

டாக்டர் மூச்சு விடாமல் உத்தரவு போட்டாள். ரெண்டு போனையும் ஸ்பீக்கரில் போடு. தலைகால் மாற்றி ஒன்றின் மேல் ஒன்றை வை, இதன் வாய் அதன் காதில் இருக்கட்டும். கம்பவுண்டர் அங்கே ஃபேனை நிறுத்தினாள். கடையில் தன் போனுக்காகக் காத்திருந்த யாரோ ஒருவர் என்னம்மா ஆச்சு என்று கேட்பதும், சும்மா இருங்க சார் என்று அவள் அதட்டுவதும் கேட்டது. அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவர் குரல்.

"டாக்டர்?"

அவள் அந்தக் கடைக்காரியின் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கங்க இருக்கீங்க?"

அவள் கேட்டது கடல் தாண்டிப் போய், மேசை மேல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு இறங்கி, மறுபடி கடல் தாண்டி அவர் காதுக்குப் போய்ச் சேர நேரம் பிடித்தது. பதில் அதே சுற்றுவழியில் வந்தது. வாசலில் அவளைக் காணோம் என்றதும் பஸ் ஸ்டாண்டைத் தேடி நடந்தாராம். வழி தவறிவிட்டதாம். இப்போது எங்கே நிற்கிறார் என்று அவருக்கே தெரியாதாம், பலகையில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லையாம். பக்கத்தில் ஒரு பெரிய சுவர் இருக்கிறதாம். மஞ்சள் கிரேன் தெரிகிறதாம்.

"எனக்கும் மஞ்சள் கிரேன் தெரியுது."

"அப்போ பக்கத்துலதான் இருக்கியா?"

"இந்த ஊருக்கே மஞ்சள் கிரேன் தெரியுதுங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் தாமதமாகத்தான் வந்தது. பிறகு பேலன்ஸ் கரைந்துகொண்டே இருக்கிறது என்றார். அடுப்பில் போய் நிற்க அதிக நேரம் இல்லை என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது குரல் இறங்கிப் போயிற்று. அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். சுவர், கிரேன், லாரி. எதைச் சொல்லி அவரை எங்கே வரச் சொல்வது?

அப்போது வெளியே லெவல் கிராசிங்கில் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங் டிங் டிங் என்று காதைக் குடைகிற மணி. சரக்கு ரயில் வருகிறது போலிருக்கிறது. அவர் பேசுவது கேட்காமல் போய்விடுமே என்று டாக்டர் எரிச்சலோடு ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். அங்கே கடையில் கம்பவுண்டர் இரண்டு போன்களுக்கும் மாறி மாறிக் காதைக் கொடுத்தாள்.

"அண்ணி. ரெண்டு போன்லயும் மணி அடிக்குது."

"என்ன?"

"ரெண்டு போன்லயும் ஒரே மணி அண்ணி. உங்க போன்லயும் அடிக்குது, அண்ணன் போன்லயும் அடிக்குது. ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் நிக்கிறீங்க."

பின்னாலிருந்து அந்த வாடிக்கையாளரும் ஆமா ஆமா என்று சாட்சி சொன்னார்.

டாக்டர் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் பாய்ந்தாள். வைஃபை எட்டுகிற தூரம் தாண்டியது, அழைப்பு அறுந்தது. அறுந்தால் அறுந்து தொலையட்டும். பின்னாலிருந்து அந்தக் கடைக்காரி ஏதோ சத்தம் போட்டாள். நில் என்பதாக இருக்கும். கிராசிங்கின் தடுப்புக்கட்டை இறங்கிவிட்டது, சரக்கு ரயில் தடதடவென்று குறுக்கே வந்துவிட்டது. பெட்டிக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் பெட்டி, முடிவே இல்லாத ரயில்.

இரண்டு பெட்டிகளுக்கு இடையில் இருக்கிற இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். சுவர் தெரிந்தது. அடுத்த இடுக்கில் ஒரு வெள்ளைச் சட்டை. அடுத்ததில் காதோடு ஒட்டிய ஒரு கை. அடுத்ததில் பாதி மூக்கு. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இங்கேயும் இந்த மனுஷன் கட்டம் கட்டமாகத்தான் வருவாரா? அவள் தடுப்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, போகிறதா பார் இந்த ரயில் என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். ரயில் தன் பாட்டுக்கு நிதானமாகப் போயிற்று. கடைசிப் பெட்டி நகர்ந்தது.

முகம் முழுசாக இருந்தது. உடையவில்லை, நிற்கவில்லை, மூக்கு மூக்கின் இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் கறுத்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். அவர் இன்னும் அவளைக் கவனிக்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேக்குதா, கேக்குதா என்று கத்திக்கொண்டிருந்தார்.

கட்டை மேலே ஏறியதோ இல்லையோ, அவள் குனிந்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். நேராகப் போய் அவர் காதிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"கேக்குது," என்று கம்பவுண்டரிடம் சொன்னாள். "வந்துட்டேன். வை."

அந்தப் பக்கம் கம்பவுண்டர் விசும்புவது கேட்டது, யாரோ கைதட்டுவதும் கேட்டது. பேலன்ஸ் தீர்ந்து அதுவாகவே அறுந்துபோயிற்று.

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். விரலில் வெங்காய வாசனை இருந்தது. அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், பார்த்துக்கொண்டே நின்றாள். லாரிகள் போயின. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அந்தக் கடைக்காரி பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டுக்கொண்டு இவர்களைப் பார்த்தாள்.

"என்ன டாக்டர், இவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

"பேசுறதுக்குத்தான் இத்தனை நாளா போன் இருந்துச்சே. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, பார்த்துக்கிறேன்."

அன்றைக்கு அந்தக் கப்பலில் ராத்திரிச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.